முதுகுகளின் பருவம்

மிலானில் பிப்ரவரி.
எட்டு நாள், பதினோரு ஷோ,
ஒன்றைக்கூட நான் முன்னாலிருந்து பார்க்கவில்லை.
திரைக்குப் பின்னால் உடுத்திவிடுகிறவள் நான்.
ஜிப் ஏற்ற வேண்டும், கொக்கி மாட்ட வேண்டும்,
நாற்பது விநாடிக்குள்
ஒருத்தியை உரித்து இன்னொருத்தி ஆக்க வேண்டும்.
வாயில் எப்போதும் நான்கு குண்டூசி.
அதனால் யார் எது கேட்டாலும்
என் பதில்: ம்ம்.

இந்தப் பருவத்தில் மறக்க முடியாதவை எவையென்று
பத்திரிகைகள் எழுதி முடித்துவிட்டன.
மஞ்சள் என்றார்கள்.
தோள்கள் அகன்றுவிட்டன என்றார்கள்.
உள்ளே பஞ்சு திணித்தது யாரென்று கேட்கவில்லை.

பழைய டிராம் பணிமனையில் லுதோவிகா கஸ்பரீனியின் ஷோ.
கடுகுப்பூ நிறத்தில் இருபத்திரண்டு மேலங்கிகள்.
கடைசி அங்கியின் இடது கையில்
ஓட்டுத் தையலைப் பிரிக்க மறந்திருந்தார்கள்.
மாடல் நடக்கத் தொடங்கிவிட்டாள்.
நூல் நுனி மட்டும் என் விரலில்.
அவள் போகப் போக அது உருவிக்கொண்டே வந்தது
வெள்ளையாய், தண்டவாள நீளத்துக்கு.
அவள் வெளிச்சத்தில் கால் வைப்பதற்கும்
மறுநுனி அறுபடாமல் என் கைக்கு வருவதற்கும்
சரியாக இருந்தது.
அன்று இரவு தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

தண்ணீர் வடித்த நீச்சல் குளத்தில் இன்னொன்று.
உக்னே, வில்னியஸ்காரி,
இரண்டு அளவு சின்னச் செருப்பில்
நீல ஓடுகளின் சரிவில் இறங்கி ஏறினாள்.
மிதந்தாள் என்று எழுதினார் ஒரு விமர்சகர்.
நான் கழற்றிய செருப்பில் ரத்தம்.
ஆரஞ்சுப் பழம் இருக்கிறதா என்றாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.
மூன்று தின்றாள்.
விதைகளை என் உள்ளங்கையில் துப்பினாள்.

தான்க்ரேதி, பெரிய கை,
தொப்பிப் பெட்டிக்குள் வாந்தி எடுத்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு
தலைவணங்கப் போனார்.
ஐந்தே விநாடி.
திரும்பி வந்தவர் பெட்டியை யாருக்கும் தரவில்லை,
தானே கழுவினார்.

பிறகு கடைசி நாள்.
பழைய தானியச் சந்தைக் கூடம், அறுநூறு நாற்காலி.
சாம்பல் பட்டில் தரைதொடும் கவுன்,
அதன் விளிம்பில் ஒரு பிடிவாதச் சுருக்கம்.
ஒரு நீராவிக் கருவி போதாதென்று
இரண்டாவதையும் அதே பலகையில் செருகினேன்.
டப்.
விளக்கு போயிற்று. இசை போயிற்று.
எங்கோ ஒருவர் இருமினார்.

பிரிஸ்காவுக்குப் பதினெட்டு வயது, முதல் ஷோ.
நில் என்று சொல்ல ஆளில்லை,
அவள் நிற்கவில்லை.
டக். டக். டக்.
இருட்டில் ஒரு குதிகால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
முதல் வரிசையில் யாரோ கைபேசியை உயர்த்தினார்,
அப்புறம் அடுத்தவர், அப்புறம் எதிர்ப்பக்கம்,
கடைசியில் கூடம் முழுக்க.
திரையைப் பிடிக்கிறவனும் தன் இடத்தில் இல்லை.
முதன்முறையாக வெளியே எட்டிப் பார்த்தேன்.
அப்போதும் எனக்குக் கிடைத்தது முதுகுதான்.
தாழ்ந்து சாய்ந்து விழுந்த அந்த வெளிச்சத்தில்
நான் தோற்றுப்போன சுருக்கம்
ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிற்றலை எழுப்பியது.

இருளையே தைத்தவர் என்று எழுதினார்கள்.
இரண்டு வருடமாக மனத்தில் இருந்தது இந்த மௌனம் என்று
வடிவமைப்பாளரும் பேட்டி கொடுத்தார்.
மின்பணியாளர் எத்தோரே மட்டும்
கருகிய பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.
"ஒரியெத்தா, இதில் இரண்டாவது பிளக்கைச் செருகியது யார்?"

வாயில் நான்கு குண்டூசி.
ம்ம், என்றேன்.

வீட்டுக்குப் போகும் டிராமில்
எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கோட்டில்
கழுத்துக்கு மேல் லேபிள் துருத்திக்கொண்டிருந்தது.
இரண்டு நிறுத்தம் வரை பொறுத்தேன்.
மூன்றாவதில் கை தானாகப் போய்
உள்ளே தள்ளிவிட்டது.
அவள் திரும்பவில்லை.